பல்பொடி டப்பாவில் மேல் சட்ஜம்

குறிஞ்சிப்பாடி
20-1-1964

தெய்வசிகாமணி அவர்களுக்கு,

ராஜாங்கம் எழுதுவது. மச்சான் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் தங்கை காந்திமதி பக்கத்தில் நின்று, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக ஒரு தடவை எழுதிவிடுகிறேன்: மச்சான். போதுமா?

காணும் பொங்கலன்று நெய்வேலியில் உங்கள் பிளாக் மைதானத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தாலும், பதினேழு வருஷமாக நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவன் நான். அதில் பதினொரு வருஷம் நீங்கள்தான் எனக்கு ஆர்மோனியம். அன்று தர்பார் பாட்டில் நான் மேல் சட்ஜத்தில் போய் நிற்கிறேன், உங்கள் பெட்டி வேறு எங்கோ நிற்கிறது. சரி, விரல் தடுக்கியிருக்கும் என்று திரும்ப எடுத்தேன். திரும்பவும் அதே கதி. முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு, உங்கள் ஒர்க்‌ஷாப் ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும், “சுருதி சேத்துப் பாடு மாப்ளே!” என்று கத்தினீர்கள். ‘பாடுங்க’ என்றுகூட இல்லை. ‘பாடு’.

கிரீடத்தைக் கழற்றி உங்கள் பெட்டிமேல் வைத்துவிட்டு இறங்கினேன். அரிதாரத்தோடும் ஜரிகைச் செருப்போடும் ஏழு மணி பஸ் ஏறினேன். கண்டக்டர் மருதமுத்து என்னைப் பார்த்து, “இன்னா ராஜா, நாட்டப் புடுங்கிக்கினாங்களா?” என்று கேட்டான்.

நேற்று நம் நாடக சபைக்காரர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். தப்பு பெட்டியுடையது என்று நீங்கள் மேடையேறி நாலு பேர் கேட்கச் சொல்லும் வரை நான் நெய்வேலி மண்ணை மிதிக்க மாட்டேன். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊர் நாடகம் இருக்கிறது. அதற்கு வேறு பெட்டி பார்க்கிறோம்.

அண்ணி கஸ்தூரியை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள் காந்திமதி. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
ராஜாங்கம்


நெய்வேலி
27-1-1964

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிரீடம் பத்திரமாக இருக்கிறது. கஸ்தூரி அதைத் துடைத்து, வேட்டித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

‘பாடு’ என்றது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். சுருதி விஷயத்தில் ஒத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கார்த்திகை மாதத்திலிருந்தே பெட்டியின் மேல் கட்டைகள் சுருதி கூடிவிட்டன. உங்கள் குரலிலும் அதே கோளாறு இருக்குமோ என்று அப்போதே பட்டது, சொல்லவில்லை. பொங்கலுக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து நானே சரிசெய்தேன். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு பித்தளை ரீடு இருக்கிறது, சின்ன நாக்கு மாதிரி. அடியில் அரத்தால் உரசினால் சுருதி இறங்கும், நுனியில் உரசினால் ஏறும். வலது கையில் அரம், இடது காது பெட்டியின் பலகைமேல். நான் எப்போதும் அப்படித்தான் சேர்ப்பேன். பஞ்சமத்திலிருந்து மேல் காந்தாரம் வரை பத்து ரீடையும் அப்படி இறக்கிச் சேர்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் தலைமுடி அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஃபிட்டர் நான். அந்தப் பெட்டி தப்பாது.

உங்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அது உங்களுக்கே தெரியாது. பாட்டு சுருதியில் போய் உட்கார்ந்த நிமிஷம் உங்கள் வலது கால் பெருவிரல் தானாகத் தூக்கும். பதினொரு வருஷமாக ஒத்திகையில் வெறுங்காலோடு பார்க்கிறேன், ஒரு தடவைகூட அது பொய் சொன்னதில்லை. அன்றைக்கு ஜரிகைச் செருப்புக்குள் ஒளிந்துகொண்டது. அது தெரிந்திருந்தால் நாம் இரண்டு பேரும் இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போதே தலை சுற்றியது. இடது காதில் ஷிஃப்ட் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். கம்பெனிச் சங்கு ஊதி நின்றுவிடும், இது நிற்கவில்லை. காதில் குரும்பி அழுக்கு அடைத்திருக்கும் என்று கஸ்தூரி நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டிருக்கிறாள். காந்திமதியிடம் சொல்ல வேண்டாம்.

தெய்வசிகாமணி


குறிஞ்சிப்பாடி
3-2-1964

மச்சான் அவர்களுக்கு,

காந்திமதியிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதினால் போதுமா? உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் பிரித்துப் படிப்பவளே அவள்தான்.

என் கால் விரலை உளவு பார்த்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. பாட்டைக் கேட்கச் சொல்லி உங்களை உட்காரவைத்தால் பாதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நல்ல ஆர்மோனியக்காரர்.

மிருதங்கம் சிவப்பிரகாசத்தை நீங்களே அறிவீர்கள். யாருக்கும் பரிந்து பேசாதவர். சுருதியைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் அவரிடம் சொன்னேன். “ஒம் பாட்டு கூடிப்போவல. பொட்டி கீழ எறங்கிக்கினு இருந்திச்சி. நான் எந்தப் பக்கம் சேர்றதுன்னு தெரியாம சும்மா தட்டிக்கினு இருந்தேன்” என்கிறார்.

இரவு சோறு போடும்போது உங்கள் தங்கை ஒரு கேள்வி கேட்டாள். “எங்கண்ணனும் சுருதி தப்ப மாட்டாரு, நீங்களும் தப்ப மாட்டீங்க. அப்ப தப்புனது யாரு? அந்தக் காதுல ஊதற சங்கா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எண்ணெயை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு.

ராஜாங்கம்


நெய்வேலி
12-2-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காந்திமதி கேட்டது சரி. தப்பியது அந்தச் சங்குதான்.

போன வாரம் ஒர்க்‌ஷாப் ஆபீசில் எனக்கு டெலிபோன் வந்தது. ஸ்டோரிலிருந்து பேசினார்கள். கையில் ஸ்பேனர் இருந்ததால் இடது கையால் வாங்கி இடது காதில் வைத்தேன். தகர டப்பாவைச் சுரண்டுகிற மாதிரி ஏதோ கேட்டது. லைன் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். ஃபோர்மேன் வாங்கிக் கேட்டார். “நல்லா கேக்குதேப்பா” என்றார். திரும்ப வாங்கி வலது காதில் வைத்தேன். பேசுகிறவர் பக்கத்தில் நின்று பேசுவது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தேன். மேல் சட்ஜத்தை அழுத்தி இடது காதைப் பொத்தினேன். ஒரு சுருதி. வலது காதைப் பொத்தினேன். வேறு சுருதி, கிட்டத்தட்ட அரைக் கட்டை மேலே. ஒரே கட்டை, ஒரே காற்று. கீழே வரவர வித்தியாசம் குறைந்தது, மேலே போகப்போக அதிகமானது. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கெட்ட காதைப் பலகையில் வைத்து, நன்றாக இருந்த பத்து ரீடையும் உரசி உரசிக் கெடுத்திருக்கிறேன். மேடையில் பெட்டி எப்போதும் என் இடது பக்கம் நடுமேடை இருக்கிற மாதிரிதானே போடுவார்கள். உங்கள் குரலையும் அந்தக் காதில்தான் வாங்கியிருக்கிறேன். நீங்கள் சரியாகத்தான் பாடினீர்கள்.

டாக்டரிடம் போனேன். குரும்பி இல்லை, நரம்பு என்றார். சிலருக்கு இப்படி ஒரே நாளில் போய்விடுமாம், காரணம் சொல்ல முடியாதாம். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் போய் ஒரு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து காட்டிவிட்டு வந்தேன். போனது வராது, இருக்கிற காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இதை உங்கள் சபையில் எல்லோர் முன்னும் வாசித்துவிடுங்கள். தப்பு என்னுடையது. வேறு பெட்டி பார்த்துவிட்டீர்கள் என்றால் நல்லது, நான் இனி வாசிக்கிறதாக இல்லை. இடது காதைப் பொத்திக்கொண்டாலும் சங்கு உள்ளே ஊதுகிறது, என் காதை நம்பி இனி சுருதி சேர்க்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு காதும் இப்படி ஒரு காலையில் போய்விட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இதைக் கஸ்தூரியிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

தெய்வசிகாமணி


குறிஞ்சிப்பாடி
16-2-1964

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தைச் சபையில் வாசிக்கவில்லை. வாசிக்கவும் மாட்டேன். காந்திமதி அதை மடித்துத் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். அவள் அழுதாள். நானும் அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவன் ஒரு முழம்கூட நெய்யாமல் எழுந்துவிட்டேன். அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நாலு பேர் முன்னால் சொன்னேன், நெய்வேலி மண்ணை மிதிக்க மாட்டேன் என்று. சொன்னது சொன்னதுதான்.

வேறு பெட்டி எங்கே கிடைக்கிறது? பஜனை மடத்து ஆர்மோனியம் ஒன்றுதான் ஊரில் இருக்கிறது. சுருதி சுத்தம், ஆனால் துருத்தியில் ஓட்டை. மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. உத்திரத்தன்று ஊரே வந்து உட்காரும்.

அதனால் ஒரு யோசனை. உங்கள் காதுதானே கெட்டது? கை நன்றாகத்தானே இருக்கிறது? எனக்குக் காது நன்றாக இருக்கிறது, கைக்கு அரம் பிடிக்கத் தெரியாது. பத்து ரீடையும் கழற்றி அனுப்புங்கள். மடத்துப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து, அதோடு ஒவ்வொன்றையும் வைத்துக் கேட்டு, எவ்வளவு தாழ்வு என்று எழுதுகிறேன். நீங்கள் உரசி அனுப்புங்கள். நான் திரும்பக் கேட்கிறேன். மருதமுத்துவின் பஸ் தினம் இரண்டு நடை போகிறது. நான் அங்கே வர வேண்டாம், நீங்கள் இங்கே வர வேண்டாம்.

வலது காதுக்கு எண்ணெய் கிண்ணெய் என்று எதையும் விடாதீர்கள்.

ராஜாங்கம்


நெய்வேலி
20-2-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தபாலில் ஆர்மோனியம் சுருதி சேர்த்தவர்கள் உலகத்தில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். கஸ்தூரி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

மருதமுத்துவிடம் ஒரு பல்பொடி டப்பா கொடுத்திருக்கிறேன். கழுவித்தான் வைத்தேன், வாசனை போகவில்லை. பஞ்சுக்குள் பத்து ரீடு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, பெயர் எழுதிய காகிதம் கோத்திருக்கிறேன். பித்தளைத் தகட்டை உதட்டில் வைத்து மெதுவாக ஊதினால் பேசும். பலமாக ஊதினால் சுருதி மாறும், அதனால் பாடுகிற மூச்சு வேண்டாம், தூங்குகிற குழந்தை முகத்தில் ஊதுகிற மூச்சு போதும். எச்சில் பட்டால் துடைத்துவிடுங்கள்.

எவ்வளவு தாழ்வு என்று எழுத நமக்குப் பொதுவாக ஒரு அளவு வேண்டும். நான் அரத்தை ஒரு தடவை இழுப்பதைக் கணக்காக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி எழுதுங்கள்.

நான் வாசிக்கப்போவதில்லை என்று எழுதியதை மறக்க வேண்டாம். கெடுத்த பெட்டியைச் சரிசெய்து கொடுப்பது என் கடமை, அவ்வளவுதான்.

தெய்வசிகாமணி


குறிஞ்சிப்பாடி
25-2-1964

அன்புள்ள மச்சானுக்கு,

மூன்று நாளாக என் வாயெல்லாம் பல்பொடி. பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் வந்து, “இன்னா காந்திமதி, ஒங்கூட்டுக்காரரு தறிய வுட்டுட்டு பீப்பீ ஊதிக்கினு கீறாரு?” என்று கேட்டுவிட்டுப் போனாள். காந்திமதி ஒரு கையால் மடத்துப் பெட்டியின் துருத்தியை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கட்டையை அழுத்துகிறாள். நான் ஊதுகிறேன். தங்கைக்கும் உங்கள் காதுதான், எனக்கு முன்னால் அவள் சொல்லிவிடுகிறாள், “எறக்கமா கீது” என்று.

அளவு கேட்டீர்கள். நெசவுக்காரனுக்கு இழைதான் அளவு. இழை கணக்கில் எழுதுகிறேன்.

பஞ்சமம் ஒரு இழை தாழ்வு. இரண்டு தைவதமும் ஒன்றரை. நிஷாதம் சின்னது இரண்டு, பெரியது இரண்டே கால். மேல் சட்ஜம் மூன்று. அதற்கு மேலே நாலும் மூன்றரை, நாலு என்று போகிறது. கடைசியில் மேல் காந்தாரம் அஞ்சு இழை, அதைக் கேட்டால் அழுகைதான் வருகிறது. என்ன உரசு உரசியிருக்கிறீர்கள் மச்சான்!

என் இழைக்கு உங்கள் அரம் எத்தனை இழுப்பு என்று முதல் நடையில் தெரிந்துவிடும். டப்பாவை மருதமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். “உள்ள இன்னா கீது, பல்லா?” என்கிறான். ஆமாம், ராஜாவின் பல் என்றேன்.

வலது காது எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

ராஜாங்கம்


நெய்வேலி
11-3-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டப்பா இத்தோடு ஆறு நடை போய் வந்துவிட்டது. உங்கள் ஒரு இழைக்கு நுனியில் என் அரம் நாலு இழுப்பு. முதலில் ஆறு இழுத்தேன், தைவதம் தாண்டிவிட்டது, நீங்கள் திட்டி எழுதினீர்கள். இப்போது கை பழகிவிட்டது. என் காதைக் கேட்காமல் உங்கள் காகிதத்தை மட்டும் பார்த்து உரசுகிறேன். முதல் நாள் அது கஷ்டமாக இருந்தது. நான் கேட்பது ஒன்று, காகிதம் சொல்வது ஒன்று. காகிதத்தை நம்பினேன்.

வலது காது அப்படியேதான் இருக்கிறது. தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்க்கிறேன். கேட்டால் அன்றைய நாள் நல்ல நாள். மற்றபடி சின்னச் சின்ன சங்கடங்கள். கேன்டீனில் இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் எனக்குத் தெரிவதில்லை. தெய்வசிகாமணிக்குத் தலைக்கனம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டது. சைக்கிள்காரன் பெல் அடித்தால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன், போன வாரம் ஒருவன் மேலே ஏற்றிவிட்டான், காயம் ஒன்றும் இல்லை. இப்போது கஸ்தூரி மார்க்கெட்டுக்கு வந்தால் என் இடது பக்கமாகவே நடக்கிறாள். தானாக அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

பூங்கா ரேடியோவில் கச்சேரி வைத்தால் முன்பு கடைசிவரை நிற்பேன். இப்போது நிற்பதில்லை. எல்லாம் தகரத்தில் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. மனதுக்குள் இருக்கிற சுருதி மட்டும் இன்னும் சுத்தமாக இருக்கிறது. அது எத்தனை நாள் இருக்கும் என்று தெரியவில்லை.

இன்னும் ஒரு நடையில் வேலை முடிந்துவிடும். ரீடெல்லாம் கோத்து, பெட்டியைத் துடைத்து, கிரீடத்தையும் சேர்த்து மருதமுத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். சிவப்பிரகாசம் தன் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரை வைத்திருப்பதாக இடையில் எழுதியிருந்தீர்கள். அந்த வாத்தியாரையே கேட்டுப் பாருங்கள், வாசிப்பார். நான் பெட்டியைத் தொடுவது இதுதான் கடைசி.

தெய்வசிகாமணி


குறிஞ்சிப்பாடி
16-3-1964

அன்புள்ள மச்சானுக்கு,

டப்பா வந்திருக்கும். திறந்து எண்ணிப் பாருங்கள். ஒன்பதுதான் இருக்கும். எல்லாம் சுத்தம், இழை அளவுகூடப் பிசகு இல்லை.

பத்தாவது மேல் சட்ஜம். அதுவும் சுத்தமாக வந்துவிட்டது. அது என் மடியில் இருக்கிறது, வராது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் நெய்வேலிக்கு வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். நீங்கள் குறிஞ்சிப்பாடிக்கு வரக் கூடாது என்று யார் சொன்னார்கள்? உத்திரத்தன்று பெட்டியோடு வாருங்கள். மேடையில் உட்கார்ந்து ரீடைக் கோத்து வாசியுங்கள். இல்லாவிட்டால் மேல் சட்ஜம் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

மேடை ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். பெட்டி இந்தத் தடவை மற்ற பக்கம். நடுமேடை உங்கள் வலது பக்கம் வரும். சிவப்பிரகாசம் ஒரே சண்டை. “எங்கப்பா காலத்துலேருந்து மிருதங்கம் அந்தப் பக்கந்தான் ஒக்காரும், நான் எதுக்கு நவுரணும்?” என்றார். புது மேடை, காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, மிருதங்கத் தோல் சுருதி இறங்கிவிடும் என்று ஒரு பொய் சொன்னேன். உங்கள் காதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ராஜாங்கம்


நெய்வேலி
20-3-1964

மாப்பிள்ளைக்கு,

ரீடை அனுப்பிவிடுங்கள். விளையாடாதீர்கள்.

ஒன்பது ரீடையும் கோத்துவிட்டேன். கை சும்மா இருக்காமல் ஒரு தடவை வாசித்தும் பார்த்தேன். மேலே ஏறிப் போனால் அந்த இடத்தில் காற்று மட்டும் வருகிறது. இடது காதுக்குக்கூட அது கேட்கிறது.

நான் வர முடியாது என்பதற்குக் காரணம் ரோஷம் இல்லை. அன்று நடந்தது உங்களுக்கு வெளியூர். அதற்கே கிரீடத்தைக் கழற்றி வைத்தீர்கள். உத்திரம் உங்கள் ஊர். உங்கள் ஜனங்கள், உங்கள் தெரு. அங்கே திரும்பவும் நான் தப்பினால் உங்களுக்கு வேறு போக்கிடம் ஏது? பெட்டி சுத்தமாக இருக்கலாம். பாட்டோடு அது சேர்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டுமே. ஒரு காதில் ஒரு சுருதியும் ஒரு காதில் வேறு சுருதியும் சங்கும் வைத்துக்கொண்டு நான் எதை நம்பி அங்கே உட்காருவேன்? அதை மட்டும் சொல்லுங்கள்.

தெய்வசிகாமணி


குறிஞ்சிப்பாடி
23-3-1964

மச்சானுக்கு,

கார்டில் இடம் இல்லை. எதை நம்பி என்று கேட்டீர்கள். வந்து பாருங்கள். கிரீடத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள். காந்திமதி உங்களுக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுடுகிறாளாம். அண்ணி உங்கள் இடது பக்கமாக உட்கார்ந்து வரட்டும்.

ராஜாங்கம்


நெய்வேலி
30-3-1964

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று மாலை வந்து சேர்ந்தோம். இன்று முதல் ஷிஃப்ட். வேலைக்குப் போய் வந்து குளித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தால் நீங்கள் கிண்டல் செய்து பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

திரை தூக்குமுன் நான் மைக்கைப் பிடித்ததற்கு நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். என் கடிதத்தைச் சபையில் வாசிக்க மாட்டேன் என்றீர்கள், அதனால் நானே சொன்னேன். “பொங்கலன்னிக்கு நெய்வேலியில சுருதி தப்புனது என் பொட்டி. பாடுனவர் தப்பல. எனக்கு ஒரு காது போயிடுச்சி.” அவ்வளவுதான் சொன்னேன். கூட்டம் சத்தமில்லாமல் இருந்தது, அல்லது எனக்குக் கேட்கவில்லை. திரும்பினால் சிவப்பிரகாசம் எழுந்து, மிருதங்கத்தை இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “காத்து கீத்துன்னு இன்னாத்துக்குப் பொய் சொல்லிக்கினு? மின்னமே சொல்லியிருந்தா நானே நவுந்திருப்பேன்” என்று உங்களைப் பார்த்துத் திட்டினார். அது எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கிரீடம், பட்டு அங்கி, முத்துமாலை, வாள். கீழே பார்த்தால் வெறுங்கால். “ராஜா செருப்ப எங்கடா வுட்டாரு?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. வழக்கமாக நிற்கிற இடத்தை விட்டு, பெட்டிக்கு நேராக ஓரடி முன்னால் வந்து வலது காலை எடுத்து வைத்து நின்றீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதை நம்பி என்று நான் கேட்டதற்குக் கார்டில் ஏன் பதில் எழுதவில்லை என்று.

தர்பார் பாட்டு முழுக்க நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மேல் சட்ஜத்துக்கு ஏறினீர்கள். அரை மணி முன்னால் கோத்த ரீடு, அதன் கட்டைமேல் விரலை வைத்தேன். வலது காதில் ஒரு சுருதி, இடது காதில் வேறு சுருதி, அதற்கு மேலே சங்கு. சேர்ந்ததா இல்லையா என்று என் காதால் சொல்ல முடியவில்லை. உங்கள் பெருவிரல் தூக்கியது. நிதானமாகத் தூக்கி, நீங்கள் மூச்சு விடுகிற வரை அப்படியே நின்றது. நான் கட்டையை விடவில்லை. கண் மறைத்துவிட்டது, அதனால்தான் அடுத்த அடியை எடுக்கக் கொஞ்சம் தாமதம். மன்னிக்கவும்.

காது அப்படியேதான். சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. காலையில் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பதை இன்னும் விடவில்லை. ஆனால் சித்திரையில் வளையமாதேவி கிராமத்து நாடகத்துக்குப் பேசியிருப்பதாகச் சொன்னீர்களே, அதற்குப் பெட்டி நான்தான். வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

புறப்படும்போது காந்திமதி ரகசியமாக ஒன்று சொன்னாள். புது மேடைப் பலகையில் ஆணி தூக்கிக்கொண்டிருந்து, முதல் காட்சியிலேயே உங்கள் பெருவிரலைக் கிழித்துவிட்டதாம். ரத்தத்தோடுதான் கடைசிவரை நின்றீர்களாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளை மிரட்டினீர்களாம்.

மருதமுத்துவிடம் பல்பொடி டப்பா கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே களிம்பு இருக்கிறது. இரண்டு வேளை தடவுங்கள். ஆறும் வரை தறியில் காலை வைக்காதீர்கள். அந்த விரல் எனக்கு வேண்டும்.

உங்கள் அன்பு மச்சான்
தெய்வசிகாமணி